தார்ப் பாலையும் ஆரவல்லி மலையும்

தில்லியில் வாழும் தமிழ் நேயர்களுள் பலர் மாலை வேளைகளில் உலவச் செல்லும் மேட்டு நிலம் ஒன்று உண்டு. கரடுமுரடான பாறைகளும் சீமைக் கருவேல மரங்களும் நிறைந்த அம்மேட்டை 'ரிட்ஜ்' என்று அவ்வூரார் அழைக்கின்றனர். நீலகிரியையும் பழனி மலையையும் கண்டு வளர்ந்த கண்ணுக்கு அஃது ஒரு மேடு, அவ்வளவே. அதனை மலை என்று எண்ணுவார் அரியர். ஆயினும் அம்மேடு ஒரு பெரும் மலைத்தொடரின் வடகோடி என்பதே உண்மை. அங்கிருந்து தென்மேற்காக ஏறத்தாழ 670 கிலோமீட்டர் சென்று, ஹரியானாவையும் ராஜஸ்தானையும் கடந்து, குஜராத்தின் வடபகுதியில் சென்று முடிகிறது ஆரவல்லி மலை. அம்மலைக்கு மேற்கே கிடப்பது தார்ப் பாலை.

இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. பாலை என்றால் மணல், மலை என்றால் உயரம் என்ற இரண்டு எண்ணங்கள் நம் உள்ளத்தில் ஊன்றி நிற்பதே அதற்குக் காரணம். அவ்விரு எண்ணங்களையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு இந்நிலத்தைக் காண முயல்வோம். ஜெய்ப்பூர், அஜ்மீர், ஜோத்பூர், ஆமதாபாத் ஆகிய நகரங்களில் வாழும் நேயர்கள் தங்கள் ஊரின் மண்ணை நேரிற் சென்று பார்த்து, இங்குக் கூறுவனவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் முன்னோர் ஐவகை நிலம் வகுத்தபோது பாலைக்குத் தனி நிலம் காட்டவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அது பருவத்தால் வந்து பருவத்தால் நீங்கும் பாலை. தார் அத்தகையது அன்று. இது நிலைத்த பாலை. ஆனால் இங்கும் ஆவணியில் நல்ல மழை பெய்துவிட்டால், கண்ணுக்கு எட்டிய தூரம் கம்பும் புல்லும் பசுமையாக நிற்பதைக் காணலாம். உலகின் பாலைவனங்களுள் மக்கள் மிக நெருங்கி வாழும் பாலைகளில் இஃது ஒன்று.

தாரின் பரப்பு ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி மேற்கு ராஜஸ்தானில் அடங்கும். எஞ்சியது குஜராத், ஹரியானா, பஞ்சாப் ஆகியவற்றின் ஓரங்களிலும், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து, பஞ்சாப் மாகாணங்களிலும் பரந்து கிடக்கிறது. வடக்கே சட்லெஜ் ஆற்றுச் சமவெளி, தெற்கே கட்ச் ரண் எனப்படும் உவர்நிலம், கிழக்கே ஆரவல்லி, மேற்கே சிந்து நதியின் வண்டல் நிலம். அந்நதியையும் கடந்து சென்றால் கீர்த்தார், சுலைமான் என்னும் மலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆக, கிழக்கே ஒரு மலை, மேற்கே சில மலைகள். நடுவே ஒரு நதியும் மணலும். இந்த அமைப்பை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் மழையைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும்.

முதலில் ஆரவல்லியைப் பார்ப்போம். உலகத்தின் மிகப் பழைய மடிப்பு மலைகளுள் இதுவும் ஒன்று. இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. ஆரவல்லியின் பழைய மடிப்புகளோ 150 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஒரு காலத்தில் இதுவும் வானளாவ நின்றிருக்க வேண்டும். காற்றும் மழையும் வெயிலும் அதனைத் தேய்த்துத் தேய்த்து, இன்று எலும்புக்கூட்டை மட்டுமே விட்டுவைத்திருக்கின்றன. தெற்கே அபு மலையில் குரு சிகரம் என்னும் முடி 1,722 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தொடர் முழுமைக்கும் அதுவே உச்சி. உதயப்பூரைச் சூழ்ந்த பகுதியில் மலை அகன்றும் அடர்ந்தும் இருக்கிறது. அஜ்மீருக்கு வடக்கே செல்லச் செல்லத் தொடர் அறுபட்டு, இங்கொரு குன்றும் அங்கொரு கரடுமாகச் சிதறி, தில்லியில் ரிட்ஜ் என்னும் மேடாகத் தாழ்ந்துவிடுகிறது.

அஜ்மீர் நகரம் இம்மலையின் நீர்ப்பிரிவில் அமைந்திருக்கிறது. அந்நகரின் சுற்றுப்புறத்தில் கிழக்கே சரியும் மழைநீர் பனாஸ் ஆற்றிற் சேர்ந்து, சம்பல், யமுனை, கங்கை என்று கைமாறி வங்கக் கடலை அடைகிறது. மேற்கே சரியும் நீர் லூனி ஆறாகிக் கட்ச் ரண்ணை நோக்கிச் செல்கிறது. ஒரே மேகம் பொழிந்த இரு துளிகள் இரண்டு கடல்களின் திசையிற் பிரிந்து போகின்றன. இவ்வளவு பெரிய பிரிவினையைச் செய்வதற்கு இமயத்தைப் போன்ற உயரம் வேண்டுவதில்லை என்பதை அஜ்மீரில் நின்று காணலாம்.

இனி, தார் ஏன் பாலையாயிற்று என்ற கேள்விக்கு வருவோம். பள்ளிப் பாடநூலில் நம் குழந்தைகள் படிக்கும் விடை இது: அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று வடகிழக்கு நோக்கி வீசுகிறது. ஆரவல்லியும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவே கிடக்கிறது. ஆகவே காற்று மலையின் மேல் மோதி உயராமல், மலையை ஒட்டியே ஓடிப் போய்விடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையோ காற்றின் குறுக்கே நிற்கிறது. அதனால் மேகம் உயர்ந்து குளிர்ந்து கேரளத்தில் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே திருநெல்வேலிக்கும் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக் கணவாய் போன்ற வழிகளில் வெறுங்காற்றே மிகுதியாக வருகிறது. ஆரவல்லி குறுக்கே நில்லாமல் நெடுக்கே கிடப்பதால் தாருக்கு மழை கிட்டுவதில்லை. வங்கக் கடற் கிளையோ கங்கைச் சமவெளி நெடுகப் பொழிந்துகொண்டே வந்து, களைத்த நிலையில் ராஜஸ்தானை அடைகிறது. மிஞ்சிய ஈரத்தையும் ஆரவல்லியின் கீழ்ச்சரிவு வாங்கிக்கொள்கிறது.

இந்த விடை பிழையன்று. ஆனால் முழுமையும் அன்று. கராச்சி கடற்கரையிலேயே இருக்கும் நகரம். பருவக்காற்று அதன் மேல் நேராகக் கடலிலிருந்தே வீசுகிறது. காற்றில் ஈரமும் உண்டு. எனினும் அங்கும் மழை மிகக் குறைவு. ஆரவல்லியை மட்டும் குறை கூறினால் கராச்சிக்கு என்ன விடை சொல்வது?

வானிலை அறிஞர் இதற்கு மேல்வானத்தில் விடை காண்கின்றனர். சிந்துவின் மேலும் தாரின் மேலும் ஈரமான கடற்காற்று ஒரு மெல்லிய அடுக்காக மட்டுமே பரவுகிறது. அதற்கு மேலே, ஈரான், பலுச்சிஸ்தானம் ஆகிய மேட்டு நிலங்களின் திசையிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று கனத்த விரிப்பாகப் படர்ந்து, மெல்ல இறங்கிக்கொண்டும் இருக்கிறது. பானையின் வாயிற் கவிழ்த்த தட்டைப் போல அது கீழ்க்காற்றை எழவிடாமல் அமுக்கிவிடுகிறது. மழை பெய்யவேண்டுமானால் ஈரக்காற்று உயரே எழுந்து கொண்டலாகத் திரளவேண்டும். மூடியிட்ட இடத்தில் அஃது எங்ஙனம் எழும்? கிழக்கே செல்லச் செல்ல ஈர அடுக்கு தடிக்கிறது, மூடி இளகுகிறது, மழை கூடுகிறது. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வழுத்தம் ஏதேனும் நாட்டைக் கடந்து மேற்கே வந்து இம்மூடியை உடைத்தால்தான் தாருக்கு நல்ல மழை. ஆகவே, காற்றை மறிக்காத மலை ஒன்று கிழக்கே இருப்பதும், வறண்ட காற்று புறப்படும் மேட்டு நிலங்கள் மேற்கே இருப்பதும் சேர்ந்தே இப்பாலையை ஆக்கியிருக்கின்றன.

இதன் பயனை அளவைகளிற் காணலாம். அபு மலை உயர்ந்து தனித்து நிற்பதால் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறுகிறது. ஆரவல்லியின் மேற்கு அடிவாரத்தில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். ஜெய்சால்மேரில் 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. தென்மேற்குப் பருவமழை இந்திய நாட்டில் கடைசியாகச் சென்றடையும் இடங்களுள் மேற்கு ராஜஸ்தான் ஒன்று. செப்டம்பரில் முதலாவதாக விடைபெறும் இடமும் அதுவே. விருந்தாளி கடைசியில் வந்து முதலில் எழுந்து போவதைப் போன்றது இது. வெப்பத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2016 மே மாதத்தில் பலோடி என்னும் ஊரில் 51 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. குளிர்காலத்தில் சூரு நகரில் இரவு வெப்பம் உறைநிலைக்கும் கீழே இறங்குவதுண்டு.

தில்லியிலிருந்து ஜோத்பூர் செல்லும் ரயிலிற் பகல் வேளையில் அமர்ந்து சென்றால் இந்நிலத்தின் படிகளை ஒவ்வொன்றாகக் காணலாம். ரேவாரியைக் கடந்ததும் ஆரவல்லியின் சிதறிய குன்றுகள் சன்னலருகே வந்து போகின்றன. ஆல்வாரில் அவை நெருங்குகின்றன. ஜெய்ப்பூருக்கு அப்பால் பூலேரா சந்திப்பைத் தாண்டியதும் வண்டி ஒரு வெண்ணிறப் பரப்பின் ஓரமாகச் செல்கிறது. பனி பெய்ததோ என்று ஒரு கணம் நாம் மயங்குவோம். அது சாம்பர் ஏரி. உள்நாட்டில் அமைந்த உப்பேரிகளுள் இந்தியாவிற் பெரியது. மழைக்காலத்தில் நீர் பரந்து பூநாரைகள் வந்து தங்கும். கோடையில் உப்பு விளையும். 1990இல் இது பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் உப்பு எவ்வாறு வந்தது? கட்ச் ரண்ணிலிருந்து கோடைக்காற்று உப்புத் தூளைச் சுமந்து வந்து கொட்டுகிறது என்று ஹாலண்டு, கிறிஸ்டி என்னும் இருவர் 1909இல் எழுதினர். அந்தக் கருத்து நெடுங்காலம் வழங்கிற்று. பின்னர் நடந்த ஆய்வுகள் வேறு விடையை முதன்மையாகக் கூறுகின்றன. சுற்றியுள்ள ஆரவல்லிக் குன்றுகளின் பாறைகளிலிருந்து கரைந்த உப்பைச் சிற்றாறுகள் ஏரிக்குக் கொண்டு வருகின்றன. ஏரிக்கு வெளியேற வழி இல்லை. நீர் ஆவியாகப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் இது நடந்தால் உப்பேரி உண்டாகாமல் வேறென்ன உண்டாகும்?

லூனி ஆற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே. புஷ்கருக்கு அருகே பிறக்கும்போது அதன் நீர் இனியது. ஆரவல்லியின் மேற்சரிவிலிருந்து பல ஓடைகள் அதனுடன் கலக்கின்றன. பாலோத்ரா வரை குடிக்கத்தகும் நீர், அதற்கப்பால் உவர்க்கத் தொடங்குகிறது. 'லவணம்' என்னும் வடசொல்லே அதன் பெயரில் ஒளிந்திருக்கிறது. 495 கிலோமீட்டர் ஓடியும் கடலை அடையாமல் ரண்ணின் சேற்றில் மறைந்துவிடும் இவ்வாற்றில், ஆண்டின் பெரும்பகுதியில் மணலே ஓடுகிறது. நம் வைகையை நினைத்துக்கொள்ளும் நேயர்கள் சிலர் இருக்கக்கூடும்.

மக்ரானாவின் பளிங்குச் சுரங்கங்களைக் கடந்து ஜோத்பூரை அடைந்தால் பாலை என்றால் மணல் என்ற நினைப்பு தகர்ந்துவிடுகிறது. அங்கு நாம் காண்பது பாறை. மெஹ்ரான்கட் கோட்டை நிற்கும் செங்குத்தான பாறை, ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகியது. அதன் மேற் படிந்த மணற்கல்லைக் கொண்டே நகரத்தின் வீடுகளையும் மாளிகைகளையும் கட்டியிருக்கின்றனர். மேற்கே ஜெய்சால்மேரில் பாறை மஞ்சள் நிறம் கொள்கிறது. அங்குள்ள கோட்டை நிற்கும் திரிகூடக் குன்றின் உயரம் 76 மீட்டர் மட்டுமே. ஆயினும் தட்டையான அந்நிலத்தில் பல காத தூரம் அது தெரிகிறது. நகரிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில் ஆகல் என்னும் இடத்தில் கல்லாகிப்போன பெருமரங்கள் கிடக்கின்றன. அவை ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் தழைத்தவை. அன்று இங்கு ஈரமான காடு இருந்தது. அருகே கடல் இருந்தது.

மேற்கு ராஜஸ்தானின் பரப்பிற் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதியே மணற்குன்றுகளால் மூடப்பட்டது. மணல் பெரும்பாலும் பழைய ஆறுகள் கொண்டு வந்த வண்டல். கோடையின் தென்மேற்குக் காற்று அதனை அள்ளிக் குவித்தது. குன்றின் வடிவத்தைப் பார்த்தே காற்றின் திசையையும் தாவரத்தின் வலிமையையும் அறியலாம். செடியற்ற இடத்தில் மணல் பிறை வடிவு கொள்கிறது. பிறையின் இரு கொம்புகளும் காற்று போகும் திசையை நோக்கும். செடி கொடிகள் உள்ள இடத்திலோ ஓரத்து மணலை வேர்கள் பிடித்துக்கொள்ள, நடு மணல் மட்டும் முன்னே நகர்ந்து, கொண்டை ஊசி போன்ற நீண்ட வடிவம் உண்டாகிறது. அதன் இரு கால்களும் காற்று வரும் திசையிற் கிடக்கும். தாரில் கொண்டை ஊசிக் குன்றுகள் மிகுதி. இப்பாலை முற்றிலும் மொட்டை நிலம் அன்று என்பதற்கு மணலே எழுதித்தந்த சான்று அது. இக்குன்றுகளிற் பெரும்பாலானவை பல்லாயிரம் ஆண்டுகளாக நகராமல் நிலைத்திருப்பவை. ஜெய்சால்மேருக்கு அருகே சாம் என்னும் இடத்திற்குச் சென்று ஒட்டகம் ஏறித் திரும்பியவர்கள் தார் முழுவதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவது இயல்பே.

மணலைப் பிடித்து நிறுத்தும் மரங்களுள் முதலிடம் 'கேஜ்ரி'க்கு உரியது. இஃது ஏதோ அயல்நாட்டு மரம் என்று நேயர்கள் எண்ண வேண்டா. நம் ஊர்க் கோயில்களில் நாம் வலம் வரும் வன்னி மரமே அது. ஆழ வேரூன்றி, வயல் நடுவே நின்றாலும் பயிரைக் கெடுக்காமல் மண்ணுக்கு உரமூட்டுகிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. இளங்காய் மக்களுக்குக் கறி. பஞ்ச காலத்தில் அதன் பட்டையையும் இடித்து மாவாக்கி உண்டு உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி என்னும் சிற்றூரில் 1730இல் அரசனின் ஆட்கள் இம்மரங்களை வெட்ட வந்தபோது, பிஷ்ணோய் மக்கள் மரங்களைக் கட்டித் தழுவி நின்று 363 பேர் உயிர் துறந்தனர். விறகுக்காகப் பின்னர்க் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலமோ, இராமநாதபுரத்திற் செய்ததையே இங்கும் செய்து, மேய்ச்சல் நிலங்களைக் கவர்ந்துகொண்டிருக்கிறது.

மழை குறைந்த இந்நாட்டில் மக்கள் எங்ஙனம் வாழ்ந்தனர்? வாழ முடியாமற் புறப்பட்டவர் பலர். மார்வார் என்னும் பெயரே 'மரு' எனும் பாலையைக் குறிக்கும் சொல்லிற் பிறந்தது. அந்நாட்டு வணிகர் சென்னைச் சௌகார்ப்பேட்டை வரை சென்று குடியேறினர். ஊரைவிட்டு வந்த நமக்கு அவர்களுடைய நிலை புரியாததன்று. தங்கியவர்களோ நீரைச் சேர்ப்பதில் வியக்கத்தக்க திறம் பெற்றனர். வீட்டு முற்றத்தில் 'டாங்கா' என்னும் நிலவறைத் தொட்டி அமைத்து, அதனைச் சுற்றிச் சரிவாகத் தரையை மெழுகி, பெய்யும் மழையை அதனுள் இறக்கினர். ஒரு குடும்பம் அதனைக் கொண்டு பல மாதங்களை ஓட்டிவிடும்.

அவற்றினும் சிறந்தது 'கடீன்' என்னும் முறை. ஜெய்சால்மேர்ப் பகுதியில் வாழ்ந்த பாலிவால் பிராமணர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதனை வகுத்தனர். பாறை மேடுகளில் மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும் அன்றோ? அச்சரிவின் அடியில், தாழ்ந்த இடத்தில், நீண்ட மண்கரை ஒன்றைக் கட்டுவர். பயிரிடும் நிலத்தைப்போற் பத்து மடங்கிற்கும் மேற்பட்ட பாறைப் பரப்பின் நீர் அங்கு வந்து தேங்கும். மிகுந்த நீர் கலிங்கல் வழியே கழியும். தேங்கிய நீர் மழைக்காலம் முழுவதும் நிலத்தில் ஊறி, உப்பையும் கீழே இறக்கிவிடும். குளிர்காலம் வருமுன் நீர் வற்ற, ஊறிய அந்த மண்ணிலேயே கோதுமையும் கடலையும் விதைப்பர். பின்பு ஒரு துளி மழையும் வேண்டுவதில்லை. நம் நாட்டில் ஏரிக்கரைக்கு வெளியே வயலும் உள்ளே நீரும் இருக்கும். ஏரியின் உள்வாயில் உழுதால் ஊர் கூடித் தடுக்கும். கடீனிலோ உள்வாயே வயல். பருவத்தால் குளமும் வயலுமாக ஒரே நிலம் மாறி மாறி நிற்கிறது. இதற்குத் தேவை உயர்ந்த மலையன்று. சில மீட்டர் உயர்ந்த ஒரு பாறை மேடும், அதன் சரிவைப் படிக்கத் தெரிந்த கண்ணும் போதும்.

வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் எண்ணம் பிறகு வந்தது. 1899, 1900 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தை நேரிற் கண்ட பிகானேர் மன்னர் கங்காசிங் சட்லெஜ் நீரைக் கால்வாய் வழியே தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்; 1927இல் கங் கால்வாய் திறக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் இதனினும் பெரிய திட்டம் எழுந்தது. சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிக்கே என்னும் இடத்திலிருந்து தொடங்கும் ராஜஸ்தான் கால்வாய்க்கு 1958 மார்ச்சில் அடிக்கல் நாட்டினர். 1984இல் அதற்கு இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டது. ஊட்டுக் கால்வாயும் முதன்மைக் கால்வாயும் சேர்ந்து 649 கிலோமீட்டர் நீளம். ஜெய்சால்மேர் மாவட்டம் வரை இமயத்தின் பனிநீர் வருகிறது. ஒட்டகம் மட்டும் நடந்த இடத்தில் கோதுமையும் கடுகும் பருத்தியும் விளைகின்றன. இது சிறு செயலன்று.

ஆயினும் நிலத்தின் கீழ் என்ன இருக்கிறது என்பதைக் கால்வாய் கேட்கவில்லை. பல இடங்களில் மணலுக்குச் சில மீட்டர் ஆழத்தில் ஜிப்சம் அடுக்கும் இறுகிய களியும் உண்டு. பாய்ச்சிய நீர் அதனைக் கடந்து இறங்க இயலாமல் மேலே ஏறிற்று. உப்பும் உடன் ஏறிற்று. ஹனுமான்கட் பகுதியில் நல்ல வயல்கள் சதுப்பாயின. சில ஊர்களில் வீடுகளே நீரில் அமிழ்ந்தன. பாலைவனத்தில் நீர் மிகுந்து குடிபெயர்ந்தவர்களின் துயரத்தை யாரிடம் சொல்வது? 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் இதன் வேறொரு வடிவத்தைக் கண்டோம். ஓராண்டில் பெய்வதைப்போல் இரு மடங்கு மழை சில நாட்களிற் கொட்டிற்று. காவாஸ் என்னும் ஊர் தாழ்ந்த நிலத்தில் ஜிப்சம் அடுக்கின் மேல் அமைந்தது. வெள்ளம் வடியவில்லை, பல மாதங்கள் ஏரியாகவே நின்றது.

1950களில் தார்ப் பாலை ஆண்டுக்கு அரை மைல் வீதம் தில்லியை நோக்கி நகர்கிறது என்ற அச்சம் பரவியிருந்தது. ஜோத்பூரில் 1952இல் பாலைக் காடு வளர்ப்பு நிலையம் தொடங்கப்பட்டதற்கும், அது 1959இல் மத்திய வறள்நில ஆராய்ச்சிக் கழகமாக விரிந்ததற்கும் அவ்வச்சமும் ஒரு தூண்டுதல். மணற்குன்றுகளின் மேல் வேலியிட்டுப் புல்லும் மரமும் நட்டு அவற்றை நிலைநிறுத்தும் முறைகளை அக்கழகத்தார் வகுத்தனர். பாலை படையெடுத்து வருகிறது என்ற கூற்றைப் பிற்கால ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. மணல் அணிவகுத்து வருவதில்லை. ஆனால் ஆரவல்லி அறுபட்ட இடைவெளிகளின் வழியே பண்டைக் காலத்தில் மணல் கிழக்கே கடந்து சென்றது என்பதற்கு ஜெய்ப்பூரைச் சுற்றியுள்ள பழைய மணற்குன்றுகள் சான்று. இன்றும் மே மாதத்து 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் தில்லி வீட்டுச் சன்னல்களில் தூசு படியச் செய்கிறது.

அந்த இடைவெளிகள் இயற்கை இட்டவை. இப்பொழுது மனிதர் புதியவற்றை இடுகின்றனர். குன்றுகளைக் கல்லுக்காக வெட்டும் தொழில் பழமையானது. தில்லியின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் அக்கல் வேண்டியிருந்தது. நாம் வாழும் வீடுகளின் சல்லியும் எங்கிருந்தோ வந்ததுதானே? அத்தொழிலில் பிழைக்கும் ஏழை மக்களையும் மறப்பதற்கில்லை. ஆனால் அளவு மீறியது. 2002இல் ஹரியானாவின் ஆரவல்லிப் பகுதியிற் கல் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2018இல் அதே நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கையில், ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 128 குன்றுகளுள் 31 குன்றுகளைக் காணவில்லை என்று கூறப்பட்டிருந்தது. குன்று காணாமற் போகுமா என்று நேயர்கள் கேட்கலாம். வெட்டி எடுத்துக்கொண்டே போனால் காணாமற் போகும்.

குன்று போனாற் போவது உயரம் மட்டுமன்று. ஆரவல்லியின் பழம் பாறைகள் வெடிப்புகள் நிறைந்தவை. அவ்வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்கி, அடிவாரத்து ஊர்களின் கிணறுகளிற் சுரக்கிறது. ஆல்வார் மாவட்டத்தில் 1985 முதல் தருண் பாரத் சங்கத்தாரும் ஊர் மக்களும் 'ஜோஹட்' என்னும் சிறு மண்ணணைகளைக் குன்றுச் சரிவுகளிற் கட்டியும் பழையவற்றைப் புதுப்பித்தும் நீரை நிலத்துள் இறக்கினர். வறண்டு கிடந்த அர்வரி ஆறு மீண்டும் ஓடிற்று. அப்பணியை முன்னின்று நடத்திய ராஜேந்திர சிங்குக்கு 2001இல் மக்சேசே விருது கிடைத்தது. அங்கு வேலை செய்தவை பெயரறியாச் சிறு குன்றுகளே.

எது ஆரவல்லி, எது வெறும் மேடு என்ற கேள்வி அண்மையில் நீதிமன்றத்திற்கே வந்துவிட்டது. சுற்றியுள்ள தரையினின்று 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்தவற்றையே ஆரவல்லிக் குன்றெனக் கொள்ளலாம் என்ற வரையறையை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். தாழ்ந்த குன்றுகள் எல்லாம் காப்பின்றிப் போகும் என்று அஞ்சினர். டிசம்பர் இறுதியில் நீதிமன்றமே தன் ஆணையை நிறுத்தி வைத்து, மறு ஆய்வு வேண்டும் என்றது.

தில்லி நேயர்கள் அடுத்த முறை ராஜபாதையாக இருந்த கர்தவ்யப் பாதையில் உலவும்போது, மேற்கே குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் ரைசினாக் குன்றைச் சற்று நின்று பார்க்கலாம். அதுவும் ஆரவல்லியின் ஒரு கிளைதான். சுற்றுப்புறத்தைவிட அஃது ஏறத்தாழ 18 மீட்டர் உயரம்.